உப்புக்காற்றும் உயர்த்திய வண்டியும்: வாசகர் கேள்வி – பதில்

வண்டியின் அடிப்பாகப் பராமரிப்பு குறித்துக் கேள்விகள் அனுப்புமாறு கேட்டிருந்தோம். வந்தவற்றில் இராமநாதபுரம் கடலோர வாசகர்களின் கடிதங்கள் ஏறத்தாழ ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருப்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்து இம்முறை பதில் தருகிறோம். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: நான்கு சக்கர இயக்கமுள்ள டபுள் கேபின் பிக்-அப் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). தென்னந்தோப்புக்கும் உப்பளத்துக்கும் போய்வர வசதியாக நான்கு அங்குலம் உயர்த்தலாம் என்று எண்ணுகிறேன். ஸ்பேசர் போட்டால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார் இன்னொருவர். நம் மாவட்டம் வறண்ட மாவட்டம் என்பதால், ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களுக்கென்று செய்யப்பட்ட செட் இங்கே அப்படியே பொருந்துமா?
– வாசகர், உச்சிப்புளி

பதில்: நான்கு அங்குலத்தை முதலில் மறந்துவிடுங்கள். சஸ்பென்ஷனை, அதாவது சக்கரத்துக்கும் வண்டிக்கும் நடுவிலுள்ள ஸ்பிரிங் அமைப்பை, உயர்த்தும்போது மேலே போவது சேஸியும் (அடிச்சட்டமும்) பாடியும் மட்டுமே. பின் ஆக்சிலின் (அச்சின்) நடுவே இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் (பல்சக்கரக் கூடு) சக்கரங்களோடு சேர்ந்தது. எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் அது தரையிலிருந்து பழைய உயரத்திலேயே நிற்கும். உப்பளப் பாத்திகளுக்கு இடையிலுள்ள வரப்புப் பாதையிலும், டிராக்டர் ஓடி ஓடி இருபுறமும் பள்ளமாகிப்போன கண்மாய்க் கரையிலும் நடுமேட்டில் தட்டுவது பெரும்பாலும் அந்த ஹவுசிங்தான். அதை உயர்த்த டயரின் விட்டத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. விட்டத்தில் ஓர் அங்குலம் கூடினால் ஹவுசிங் அரை அங்குலம் உயரும். அரியமான் பக்கத்து மணலில் சிக்கி நிற்கும் வண்டிகளும் உயரம் போதாமல் சிக்குவதில்லை, டயரில் காற்றை இறக்காமல் இறங்குவதால் சிக்குகின்றன. 35 பி.எஸ்.ஐ. வைத்து ஓட்டும் டயரை மணலில் 18 அல்லது 20 வரை இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணலின் மேலேயே ஓடும். தார்ச்சாலை ஏறியதும் காற்றை நிரப்பிவிட வேண்டும். (மணல் என்று நான் சொல்வது தோப்புப் பாதை மணலை. பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மாதங்களில் கடற்கரையில் வண்டி இறக்குவதற்கு இந்தப் பகுதியில் யோசனை கேட்க வேண்டாம்.)

உங்கள் வண்டிக்கு 2 அங்குலம், அதாவது 50 மி.மீ. என்பதே மேல்வரம்பு. முன்சக்கரங்கள் தனித்தனி ஆர்ம்களில் இயங்கும் வண்டியில், உயரம் கூடக்கூட, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் சக்கரத்துக்குச் செல்லும் கோணம் செங்குத்தாகிக்கொண்டே போகும். அந்தத் தண்டின் மூட்டான சி.வி. ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையின் மடிப்புகள் ஒரு பக்கம் இழுபட்டு, மறுபக்கம் ஒன்றோடொன்று உரசி, சில மாதங்களில் கிழியும். கிழிந்த இடத்தில் நம் ஊரில் முதலில் நுழைவது மணல். மணல் கலந்த கிரீஸ் வால்வு தேய்க்கும் பேஸ்ட் செய்யும் வேலையைச் செய்து, ஜாயின்ட்டை உள்ளுக்குள்ளேயே அரைத்துவிடும். 50 மி.மீ. வரையில் பெரும்பாலான வண்டிகளில் கேம்பர், கேஸ்டர் ஆகிய சாய்வுக் கோணங்களை அலைன்மென்ட் எந்திரத்தில் வைத்துச் சரிக்குக் கொண்டுவந்துவிடலாம். அதைத் தாண்டினால் மேல் ஆர்மையே மாற்ற வேண்டிவரும்.

ஸ்பேசர் என்பது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்த முன் ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸிக்கும் இடையே வைக்கும் கட்டை. நெம்புகோல் கணக்கினால் 25 மி.மீ. கட்டை சக்கரத்தில் ஏறத்தாழ 50 மி.மீ. உயரம் தரும். விலை குறைவுதான். ஆனால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் பழையவையாகவே இருக்க, ஸ்ட்ரட் மொத்தமும் கீழே தள்ளப்படுவதால், சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஆர்ம் கம்பெனி வகுத்த எல்லையைத் தாண்டிக் கீழே போகும். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயின்ட் அதன் கடைசிக் கோணத்தில் இடித்து நிற்கும். மேட்டில் அழுந்தும்போதோ, சேஸியின் ரப்பர் ஸ்டாப்பர் தாங்க வேண்டிய அடியை ஷாக் அப்சர்பர் உள்ளே வாங்கும். நகருக்குள் உயரமாகத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அது வேண்டாம்; நீளம் கூடிய காயிலும் அதற்கேற்ற ஷாக்கும் சேர்ந்த செட்டையே வாங்குங்கள்.

பின்பக்கத்தில் கட்டை வைத்து உயர்த்துவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே கட்டை வைத்தால் பிரேக் பிடிக்கும்போதும் மணலில் இழுக்கும்போதும் ஆக்சில் முறுக்கிக்கொள்ளும் தூரம் கூடி, பட்டை எஸ் வடிவில் வளையும். பட்டையின் நுனியைச் சேஸியோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால், கூட்டிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும்; கூடவே டிஃபரன்ஷியலின் பினியன் கோணம் மாறி, அதைச் சுழற்றும் நீளத் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டில் அதிர்வு வரும். வளைவு கூடிய புதிய பட்டை செட் போடுவதே முறை. போடும்போது, பட்டையை ஆக்சிலோடு பிணைக்கும் யு-போல்ட்டையும் புதிதாகவே போட வேண்டும். ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்ட யு-போல்ட்டை மீண்டும் நம்பக் கூடாது. 500 கிலோமீட்டர் ஓடியதும் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து மறுபடி இறுக்கம் பார்க்கவும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பல பட்டறைகள் கவனிப்பதில்லை. சில பிக்-அப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் நடுவே ஒரு சிறிய கம்பி ஓடி, பிரேக் வால்வு ஒன்றோடு இணைந்திருக்கும். பாரம் ஏறிச் சேஸி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், வண்டி காலியாகிச் சேஸி எழும்பினால் குறைப்பதும் அந்த வால்வின் வேலை. பட்டையை உயர்த்திவிட்டால், முழுப் பாரம் இருக்கும்போதும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால், உயர்த்திய அளவுக்கு அதன் பிராக்கெட்டையும் நகர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள். பிரேக் ஹோஸ் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமல் இருக்கிறதா என்று ஜாக்கி வைத்துப் பார்த்துவிடுங்கள். ஹெட்லைட்டையும் கீழே இறக்கி வையுங்கள்; இல்லையேல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வருபவர் உங்களைத் திட்டிக்கொண்டே போவார்.

ஆஸ்திரேலிய செட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவற்றின் ஸ்பிரிங்குகள் வண்டியில் நிரந்தரமாக ஏறியிருக்கும் எடையைக் கணக்கிட்டு வகை பிரிக்கப்படுகின்றன. இரும்பு பம்பர், வின்ச், கூடுதல் டீசல் டாங்க், பின்னால் முந்நூறு கிலோ சாமான் என்று எப்போதும் பாரத்தோடு திரியும் வண்டிக்கான ஸ்பிரிங்கை, தேங்காய் ஏற்றும் நாளைத் தவிர மற்ற நாளெல்லாம் காலியாக ஓடும் உங்கள் வண்டிக்குப் போட்டால், சாயல்குடி போய்வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். வாங்கும் முன் வண்டியை எடைமேடையில் ஏற்றி, முன் ஆக்சிலையும் பின் ஆக்சிலையும் தனித்தனியே எடை போட்டு, அந்தச் சீட்டைக் காட்டி ஸ்பிரிங் கேளுங்கள்.

இன்னொன்று, நம் வறட்சி வேறு வகை. உள்நாட்டுப் பாலைவனத்தில் புழுதி உலர்ந்த புழுதியாகவே இருக்கும். அடித்துத் தட்டினால் போய்விடும். இங்கே கச்சான் காற்று மணலை மட்டும் கொண்டுவருவதில்லை, உப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு சுமார் 33 சதவீதத்திலேயே அதைச் செய்யும். அதனால் ஒரு சொட்டு மழை இல்லாத சித்திரை மாதத்திலும் பட்டைகளின் இடுக்கில் ஒட்டிய புழுதி இரவில் நனைந்து, காலையில் காய்ந்து, மறுபடி இரவில் நனைகிறது. வறண்ட ஊர்தானே, துரு எங்கே பிடிக்கும் என்று நினைத்து அடியில் குனிந்து பார்க்காதவர்களின் வண்டியில்தான் காயிலின் கடைசிச் சுற்று உடைகிறது. எந்த செட் வாங்கினாலும் அதன் பூச்சு என்ன, உதிரி புஷ்ஷும் (மூட்டுகளில் அமரும் ரப்பர் வளையம்) ஷாக்கும் மதுரையிலாவது தனியாகக் கிடைக்குமா என்ற இரண்டையும் கேட்டுவிட்டு, விலையைப் பிறகு கேளுங்கள்.

கேள்வி: கேஸ் ஷாக் அப்சர்பர் நல்லதா, ஆயில் ஷாக் நல்லதா? போட்டு ஓராண்டிலேயே எனக்குப் பின் ஷாக் இரண்டும் ஒழுகுகின்றன.
– வாசகர், கீழக்கரை

பதில்: கேஸ் ஷாக் என்று விற்கப்படுவதிலும் ஆயில்தான் வேலை செய்கிறது. நைட்ரஜன் அழுத்தத்தில் வைப்பது, ஆயில் நுரைத்துவிடாமல் இருப்பதற்காக. ஷாக்கின் வேலை குலுக்கலை வெப்பமாக மாற்றுவது. தகரக் கூரையைப் பரப்பியதுபோல அலையலையாகக் கிடக்கும் கிராவல் சாலையில் பிஸ்டன் ஓயாமல் மேலும் கீழும் அடிக்கும்போது ஆயில் சூடேறி இளகும், நுரைக்கவும் செய்யும்; அப்போது வண்டி சாலையைப் பிடிக்காமல் மிதப்பதுபோல் தோன்றும். வெளியே ஏற்கெனவே நாற்பது டிகிரியை நெருங்கும் வெயில் இருந்தால் அந்த நிலை இன்னும் சீக்கிரம் வரும். ஒற்றைக் குழாய் ஷாக்கில் ஆயில் வெளிச்சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் வெப்பம் எளிதில் வெளியேறும். ஆனால் அந்தச் சுவரில் ஒரு கல் பட்டு நசுங்கினாலும் பிஸ்டன் அங்கே சிக்கும். இரட்டைக் குழாய் ஷாக் சூட்டைச் சற்று மெதுவாகவே விடும், அடியை மட்டும் நன்றாகத் தாங்கும். வேகமாகவும் நெடுந்தூரமும் கிராவலில் ஓட்டாத உங்களைப் போன்றவர்களுக்கு, பருமனான இரட்டைக் குழாய் கேஸ் ஷாக்கே போதும் என்பது என் கருத்து. தனி ஆயில் டாங்க் தொங்கும் விலையுயர்ந்த வகையெல்லாம் படத்தில் அழகாக இருக்கும்.

உங்கள் ஷாக் ஒழுகுவதற்குக் காரணம் ஷாக்கின் வகையாக இருக்காது, பிஸ்டன் ராடாக இருக்கும். வண்டியை உயர்த்தியிருந்தால், முன்பு மறைவாக இருந்த ராடின் பகுதி வெளியே தெரியும். அதன் குரோம் பூச்சில் உப்பு பட்டு ஊசிமுனை அளவில் குழிகள் விழும். ஒவ்வொரு முறை ராடு உள்ளே போகும்போதும் அந்தக் குழியின் விளிம்பு சீலைச் சுரண்டும். கழற்றிய ஷாக்கின் ராடைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் எங்கேனும் தடுக்கினால் அதுதான் இடம். புதிதாக வாங்குவதில் ராடை மறைக்கும் கெட்டி உறை இருக்கட்டும். மடிப்புத் துருத்தி உறை என்றால் அடியில் வடிகால் துளை இருக்க வேண்டும். இல்லாதது ஈர மணலைக் கட்டி வைத்துக்கொள்ளும்.

ஷாக்கின் உடலில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சாகப் புழுதி ஒட்டியிருந்தால் மட்டும் ஷாக் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மறுபடி சொட்டாக இறங்கினால் மாற்றுங்கள், ஜோடியாக மாற்றுங்கள். ஷாக் வேலை செய்கிறதா என்பதை அறியப் பம்பரை அழுத்திப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: மோசமான சாலையில் ஓட்டிவந்து நிறுத்தியதும் நான்கு ஷாக்குகளின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ச் சூடு பாருங்கள். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், அந்த ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: மீன் ஏற்றி மதுரைக்குப் போகும் பிக்-அப் என்னுடையது. பின் பட்டை துருவேறி அடிக்கடி உடைகிறது. பட்டறையில் இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டு, பழையவற்றைச் சூடேற்றி வளைவு ஏற்றித் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், மூக்கையூர்

பதில்: சூடேற்றுவது வேண்டாம். பட்டையின் இரும்பு, குறிப்பிட்ட வெப்பத்தில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தப்பட்டது. உலையில் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் வளைத்தால் அந்தப் பதம் போய்விடும். வளைவு சில வாரங்களில் இறங்கிவிடும், அல்லது காய்ச்சிய இடத்துக்கும் காய்ச்சாத இடத்துக்கும் நடுவே முறியும். பட்டையின் அருகில் வெல்டிங் வைக்கும்போது தெறிக்கும் ஒரு பொறிகூடப் பின்னாளில் விரிசலுக்கு வித்தாகும். சூடேற்றாமல் அழுத்த எந்திரத்தில் வளைவு ஏற்றுபவர் கிடைத்தால், அதுவும் குழி விழாத பட்டைக்கு மட்டும், செய்துகொள்ளலாம்.

உங்கள் பட்டை உடைவதற்குக் காரணம் பாரம் மட்டுமல்ல. மீன்பெட்டியிலிருந்து வடியும் ஐஸ் தண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல, உப்பும் மீன்சாறும் கலந்தது. அது பாடியின் பின் மூலையிலிருந்து நேராக ஷாக்கிள் மேல் சொட்டி, பட்டைகளின் இடுக்கில் இறங்குகிறது. உப்பு அரித்த சிறு குழி ஒவ்வொன்றும், பட்டை வளைந்து நிமிரும்போது விரிசல் தொடங்கும் இடம். நடு போல்ட் துளையைச் சுற்றியும், கீழ்ப் பட்டையின் நுனி மேல் பட்டையை உரசும் இடத்திலும் முதலில் உடைவது அதனால்தான். ஆகவே பட்டைக்குச் செலவு செய்யும் முன் தண்ணீருக்கு வழி செய்யுங்கள்: பாடியின் தரையில் வடிகால் அமைத்து, ஒரு ரப்பர் குழாய் வழியாக ஆக்சிலைத் தாண்டிப் பின்னால் விழுமாறு, அல்லது கேனில் சேகரமாகுமாறு செய்துவிட்டால், பாதித் துன்பம் தீரும். கேன் வைப்பதே நல்லது. பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர்களுக்கும் சாலை வழுக்காது.

கூடுதல் பட்டை போடுவதால் வண்டியின் தாங்கும் திறன் கூடிவிடாது. ஆக்சில், ஹப் பேரிங், பிரேக், டயர் எல்லாம் பழைய அளவுக்கே செய்யப்பட்டவை. ஆர்.சி.யில் எழுதியிருக்கும் மொத்த எடைக்குள் ஓட்டியும் பின்புறம் தாழ்கிறது என்றால் ஒரு பட்டை கூட்டலாம். இரண்டு கூட்டினால், மீன் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பின் சக்கரம் துள்ளும், ஈரச் சாலையில் பின்புறம் விலகும்.

பராமரிப்பில் ஒரு பழக்கத்தை விட்டுவிட வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் கழிவு ஆயிலையும் டீசலையும் கலந்து அடியில் அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். அன்று பளபளப்பாக இருக்கும். டீசல் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்து உப்பச் செய்யும். ஆயிலில் ஒட்டும் மணல் பட்டைகளின் நடுவே அமர்ந்து அரைக்கும். அதற்குப் பதிலாக, பட்டை நன்றாகக் காய்ந்த பிறகு, காய்ந்து படலமாகும் மெழுகு வகைப் பூச்சையோ லனோலின் பூச்சையோ ரப்பரில் படாமல் அடிக்கலாம். பட்டைகளுக்கு நடுவே வேண்டியது கிராஃபைட் போன்ற உலர் மசகு. கிரீஸ் நிப்பிள் உள்ள ஷாக்கிள் பின்னுக்கு மட்டும் கிரீஸ் அடியுங்கள். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியேறி, புதியது தெரியும்வரை அடிப்பது உள்ளிருக்கும் மணலையும் சேர்த்துத் தள்ளிவிடும்.

அடியில் கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிக்கச் சொன்னால் அதைத் தகட்டோடு நிறுத்துங்கள். அசையும் பாகத்தில் அடித்தால் அது வெடித்து, வெடிப்புக்குள் உப்பு புகுந்து, மேலே கறுப்பாகவும் உள்ளே துருவாகவும் இருக்கும்.

கேள்வி: வெயிலில் ரப்பர் புஷ் வெடித்துப்போனதால் பாலியூரித்தேன் புஷ் போட்டேன். இப்போது வேகத்தடை ஏறும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது.
– வாசகர், தொண்டி

பதில்: பாலியூரித்தேன் வெயிலையும் எண்ணெயையும் ரப்பரைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ரப்பர் புஷ் தன் உலோகக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, உள்ளுக்குள் முறுகி அசைவைத் தரும். பாலியூரித்தேன் குழாயின் மேல் சுழன்று தரும். சுழலும் இடத்தில் மசகு உலர்ந்து புழுதி புகுந்தால் சத்தம் வரும். கழற்றி, துடைத்து, அதற்கென்று விற்கும் சிலிக்கோன் கிரீஸைப் பூசிப் போடுங்கள். சாதாரண கிரீஸ் சில நாட்களில் ஓடிவிடும். ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் இதைச் செய்ய மனமில்லை என்றால் நல்ல ரப்பர் புஷ்ஷுக்கே திரும்பிவிடுங்கள், அதில் தவறில்லை.

ரப்பருக்குத் திரும்பினால் ஒன்றைக் கவனியுங்கள். வண்டியை லிஃப்ட்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவது பட்டறைகளில் சாதாரணம். அப்படி இறுக்கினால், வண்டியைத் தரையில் இறக்கிய கணத்திலேயே புஷ் முறுகி நின்றுவிடும். நிற்கும்போதும் ஓடும்போதும் அந்த முறுக்கலிலேயே இருந்து சில மாதங்களில் கிழியும். நீங்கள் வெயில் என்று நினைத்ததற்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் நிற்கவைத்த பிறகே முழு இறுக்கம் தர வேண்டும். உயர்த்திய வண்டியில் இது இன்னும் முக்கியம். நிற்கும் உயரம் மாறிவிட்டதால், மாற்றாத பழைய புஷ்களின் போல்ட்டையும் ஒருமுறை தளர்த்தி, தரையில் வைத்து இறுக்க வேண்டும்.

கேள்வி: முன்னால் டார்ஷன் பார் (முறுகியே ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி) உள்ள பழைய ஜீப். மெக்கானிக் போல்ட்டை முறுக்கியே உயர்த்திக் கொடுத்துவிட்டார், காசு அதிகம் வாங்கவில்லை. ஆனால் குழியில் இறங்கும்போது முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம்.
– வாசகர், சாயல்குடி

பதில்: போல்ட்டை முறுக்குவதால் டார்ஷன் பார் வலுப்பதில்லை, ஆர்ம் நிற்கும் இடம்தான் கீழ்நோக்கி மாறுகிறது. சக்கரம் பள்ளத்தில் தொங்குவதற்கு இருந்த தூரத்தையே எடுத்து உயரமாகக் கொடுத்திருக்கிறார்கள். தொங்க இடமில்லாமல் ஆர்ம் தன் கீழ் எல்லை ஸ்டாப்பரில் இடிக்கும் சத்தம் அது. இருபுறமும் சமமாகப் பாதியளவு இறக்கி, அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். இன்னும் உயரம் வேண்டுமென்றால், அந்த முன் அமைப்பில் அது மலிவாகக் கிடைக்காது.

கேள்வி: வண்டியை உயர்த்தினால் போலீஸ் பிடிக்குமா? இன்சூரன்ஸ் கிடைக்குமா?
– வாசகர், இராமநாதபுரம்

பதில்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். உயரம் கூட்டுவதும், சேஸியை வெட்டுவதும் வெல்டு செய்வதும், அளவு மீறிய டயர் போடுவதும் அதிகாரியின் கண்ணில் படும் மாற்றங்கள். அதே அளவில் தரமான ஷாக், தரமான புஷ் மாற்றுவது பழுதுபார்ப்பு. எதைச் செய்வதானாலும் முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரிவிக்காத மாற்றம் விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்பட இடமுண்டு. மஞ்சள் பலகை வண்டி என்றால் எஃப்.சி.க்குப் போகும்போதும் இதே கேள்வி வரும். உச்சிப்புளி வாசகரும் 2 அங்குலத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடட்டும்.

கேள்வி: வாரம் தவறாமல் போர் தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுகிறேன். அப்படியும் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. படகுப் பட்டறையில் வேலை பார்க்கும் என் மைத்துனர் எல்லா போல்ட்டையும் துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட்டாக மாற்றிவிடச் சொல்கிறார்.
– வாசகர், பாம்பன்

பதில்: வெள்ளையாகப் பூப்பது உங்கள் போர் தண்ணீரின் உப்பு. உப்பைக் கழுவப் போய் உப்பையே பூசிக்கொண்டிருக்கிறீர்கள். முதலில் போர் தண்ணீரால் மணலை இறக்குங்கள். கடைசி அலசல் மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும். குடிநீருக்குக் குடம் கணக்குப் பார்க்கும் ஊரில் வண்டிக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் சத்தம் வரும்தான். பட்டை, ஷாக்கிள், காயிலின் கீழ்ச் சுற்று அமரும் கிண்ணம், ஷாக் ராடு ஆகிய இடங்களுக்கு மட்டும் கைப்பம்பில் நிதானமாக விட்டால் இரண்டு வாளி போதும். ஐப்பசி, கார்த்திகையில் மழைநீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு அந்தச் சத்தமும் இல்லை. பிரஷர் கன்னை பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறைக்கும் ஷாக் சீலுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள். வெளியே ஒட்டியிருக்கும் மணலை உள்ளே தள்ளிவிடுவது அதுதான்.

மைத்துனர் சொல்வது படகின் கைப்பிடிக்கும் தளக் கொக்கிக்கும் சரி, சஸ்பென்ஷனுக்குச் சரியல்ல. ஆர்ம், ஷாக், ஷாக்கிள் போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருப்பதைப் பாருங்கள். 10.9 என்பது சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன் அளவு இழுவிசையைத் தாங்கும் இரும்பு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 வகை எஸ்.எஸ். போல்ட் 700 அளவுக்கே உறுதி தருகிறது. எஸ்.எஸ். மரையில் நட்டு இறுகி ஒட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது ரெஞ்ச் காட்டும் இறுக்கம் போல்ட்டில் இருக்காது. துத்தநாகப் பூச்சுள்ள அதே எண் போல்ட்டையே வாங்கி, மரைக்கு வெளியே தெரியும் முனையில் மட்டும் மெழுகுப் பூச்சு அடித்து, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நம்பர் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் மைத்துனரின் போல்ட்டைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.